பச்சைக் காரின் பத்துக் கப்புகள்

கன்னையா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கியதும் பவுனம்மாள் முதல் வேலையாக மோந்து பார்த்தாள். கட்டைவிரல் நுனிக்குத் தொப்பியாக மாட்டலாம், அவ்வளவுதான் அளவு. கறுப்பு ரப்பர். விளிம்பு இறுகி, ஓரிடத்தில் பிளந்திருந்தது.

“கருவாடா அண்ணி மோந்து பாக்குறதுக்கு? காரோட பிரேக் கப்பு” என்றான் கன்னையா.

அவன் பவுனம்மாளின் கணவன் ராதாகிருஷ்ணனுக்குத் தம்பி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு லேத் இயந்திரத்தையும் இரண்டு ஜாக்கியையும் வைத்துக் கார் பழுது பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறிக்காக, கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வருவான். 1984 நவம்பரில் வந்த அந்த ஞாயிறன்று கறியோடு பேச்சும் அந்தக் கப்பைப் பற்றியே போயிற்று.

பிரேக்கை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் பாய்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறிய பம்ப். அதற்குள் இருக்கும் இரண்டு கப்புகள் எண்ணெயைக் கசியவிடாமல் தாங்கிப் பிடித்துத் தள்ளினால்தான் கார் நிற்கும். சக்கரங்களுக்கு எட்டு, மிதிக்கும் இடத்திலுள்ள மாஸ்டர் பம்புக்குப் பெரிதாக இரண்டு, ஆகப் பத்து. அவன் கொட்டகைக்குப் பழுதுக்கு வந்திருந்த பழைய காரைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனி மொத்தமே நானூறு கார்தான் செய்ததாம். அளவும் வேறு எதற்கும் சேராத அளவு. கம்பெனி மூடி இருபது வருஷம் ஆகிவிட்டது.

“கோலாலம்பூர்ல கேட்டாச்சு, பினாங்குல கேட்டாச்சு, சிங்கப்பூர்ல கேட்டாச்சு. எங்கயும் இல்ல லா. பம்ப் துருப்பிடிச்சிருந்துச்சு, அத நான் கடைஞ்சு பித்தளைக் குழாய் எறக்கிட்டேன். இந்த ரப்பருதான் உயிர வாங்குது.”

பவுனம்மாள் பிளந்த விளிம்பிலிருந்து ஒரு சீவலை அரிவாள்மனையில் சீவி எடுத்தாள். அடுப்படிக்குப் போய்த் தீக்குச்சி கிழித்துக் காட்டினாள். புகை எழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகையை இழுத்தாள்.

“பால் ரப்பர் தம்பி. மரத்துப் பால்தான். மருந்துலயே செய்யிற செயற்கை ரப்பர் இல்ல.”

“அதுக்கு?”

“செய்யலாம்.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ராதாகிருஷ்ணன் சிரித்துவிட்டான். லோரி ஓட்டுகிறவன், பிரேக் என்றால் என்னவென்று தெரிந்தவன். “அப்பளம் செய்யலாம், அதிரசம் செய்யலாம். பிரேக்கு செய்யிறாளாம்! ஒருத்தர் உசுரு புள்ள அது.”

“தெரியும்” என்றாள் பவுனம்மாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் பிறந்தது மேருவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில். ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது அம்மாவின் முதுகு விழுந்துவிட்டது. பால் வாளியைத் தூக்க ஆள் வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு, எழுபத்தொன்றில், மேருவின் ரப்பர் சாமான் தொழிற்சாலையில் சூடான அச்சு இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வாஷர், குழாய் வளையம், நாற்காலிக்கால் தொப்பி என்று பதின்மூன்று வருஷம் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறாள். வெந்த ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தே எத்தனை நிமிஷம் வெந்தது என்று சொல்லிவிடுவாள். கடிகாரம் பார்க்கும் பெண்கள் அவளிடம் வந்துதான் சரி பார்த்துக்கொள்வார்கள். கூப்பிட்டால் ஒழியப் பேசமாட்டாள் என்பதால், அவளுக்கு என்ன தெரியும் என்பதே மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கார் சீவரத்தினம் என்பவருடையது. நில அளவை இலாகாவில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டுக்குப் பின்னால் வீடு. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து ஐம்பத்தெட்டில் வாங்கிய கார், கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை. அவர் மனைவி கனகேஸ்வரி பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். செப்டம்பரில் ஒரு நாள் இருவரும் பங்சார் மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. கார் நேரே போய் வடிகாலில் மூக்கைக் குத்தி நின்றது. கனகேஸ்வரி அம்மாவுக்கு நெற்றியில் நாலு தையல்.

தையல் பிரித்த அன்று அவர் கணவனிடம் சொன்னாராம்: “தைப்பொங்கல் வரைக்கும் பாக்கிறன். அதுக்குள்ள பிரேக் சரி எண்டால் கார் நிக்கட்டும். இல்லையெண்டால் அந்தச் சிங்கப்பூர்க்காரனுக்குக் குடுத்துப் போடுங்கோ. எனக்கு இன்னொரு தையல் போட நெத்தியில இடமில்லை.”

காரை விலைக்குக் கேட்டுச் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். காரை ஓட்டுவதற்காக அல்ல, கண்ணாடிக்குள் நிறுத்திவைப்பதற்காகவே அவர் கேட்டார். சீவரத்தினம் அதைச் சொல்லும்போது, உயிரோடு இருக்கிறவனைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டப் பார்க்கிறார்கள் என்பதைப்போல் சொல்வார் என்றான் கன்னையா.

பொங்கலுக்கு எட்டு வாரம் இருந்தது.

மறுநாள் பவுனம்மாள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் லியோங்கிடம் போனாள். கரும்பலகைபோல் தட்டையாக வரும் வேகாத ரப்பர் கலவையில், ஓரம் வெட்டிய துண்டுகளைக் குப்பையில்தான் போடுவார்கள். அதைக் கேட்டாள். எதற்கென்று லியோங் மலாயில் கேட்டார். பிரேக்குக்கு என்றாள்.

“பிரேக்? தா போலே லா!” முடியவே முடியாது என்று லியோங் கையை விரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பதின்மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது. பால் ரப்பர் கலவையில் நல்ல துண்டாகப் பார்த்து அவரே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

அச்சைக் கன்னையா எஃகில் கடைந்து கொடுத்தான். மேல் தட்டு, கீழ்த் தட்டு, நடுவில் கப்பின் உள்வடிவம். நாலு போல்ட் போட்டு இறுக்கினால் ஒரு கப். சின்னதற்கு ஓர் அச்சு, பெரியதற்கு ஓர் அச்சு. தொழிற்சாலை இயந்திரத்தில் சூடு தானாக ஏறும், தானாக நிற்கும். வீட்டில் அதற்கு என்ன வழி? அடுப்புத் தீயில் நேராக வைத்தால் அடிப்பக்கம் கருகி மேல்பக்கம் வேகாது. மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் பெரிய இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டினாள். கச்சான் என்கிற நிலக்கடலையை வறுக்கிறவர்கள் செய்வதுதான். மணல் சூட்டை எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கொடுக்கும்.

சூட்டை அளக்க அவளிடம் இருந்ததும் கச்சான்தான். இறுக்கிய அச்சை மணலுக்குள் புதைப்பாள். பக்கத்தில் ஐந்து பச்சைக் கடலையைப் போடுவாள். கடலை வெடித்தால் சூடு அதிகம். வெளுத்தே கிடந்தால் போதாது. தோல் மெல்ல உரிந்து, பருப்பு பொன்னிறமாக வந்தால் சரி. ஐந்து ஐந்தாக நாலு தரம் கடலை மாற்றி முடிக்கும்போது கப்பும் வெந்திருக்கும். ராதாகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வறுபட்ட கடலையைத் தின்றுகொண்டே, “நீ எத்தனை கப்பு வேணும்னாலும் செய்யி புள்ள, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல” என்றான்.

ஒரே அளவுக் கப்புக்கெல்லாம் கலவையை ஒரே எடையில் போட வேண்டும். சின்னத் தராசின் ஒரு தட்டில் சின்னக் கப்புக்கு ஒரு பத்து சென் நாணயம், பெரியதற்கு இரண்டு என்று வைத்து, அதற்குச் சமமாக மறுதட்டில் கலவையை நறுக்கினாள். ஒரு சிட்டிகை கூடினால் சீவி எடுத்தாள். முதல் ஒன்பதும் குப்பைக்குப் போயின. ஒன்றில் காற்றுக்குமிழி, ஒன்றில் விளிம்பு குறை, ஒன்று அச்சோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தே வந்தது. ஒட்டுவதற்கு மட்டும் அவளுக்கு உடனே வழி தெரிந்தது. இட்லித் தட்டுக்கு நல்லெண்ணெய் தடவுவதுபோல் அச்சின் உள்ளே நல்லெண்ணெய் தடவினாள். கப் வழுக்கிக்கொண்டு வந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் பத்தும் தேறிவிட்டன. மேலும் ஒன்று கூடுதலாகவும் வந்தது. பத்துக் கப்பையும் நல்லெண்ணெய்த் துணியால் துடைத்து மினுக்கினாள். அதே துணியில் சுற்றி மைலோ டின்னில் அடுக்கினாள். கன்னையா அதை வாங்கிப்போக ஒரு வாரம் ஆயிற்று.

“பாத்தியா, கடையில வாங்குனதுகூட இப்படி மின்னாது!” என்று ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

மாட்டும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று கன்னையா அழுத்தி நுழைத்தான். அடுத்த ஞாயிறன்று பவுனம்மாளையும் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தான். அவள் ராதாகிருஷ்ணனோடு வந்து, கதவோரத்தில் நின்றுகொண்டாள். சீவரத்தினம் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு, காரில் ஏறுவதற்கு முன் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். கன்னையா பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.

முக்கால் மணி நேரமாகியும் அவர்கள் வரவில்லை. கடைசியில் கார் வந்தது, ஒரு லோரியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு.

பிரேக் பிடித்தது, அதில் குறையில்லை. ஆனால் பிடித்த பிரேக் விடவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் முன்சக்கரங்கள் இறுகியே நின்றன. அதோடு இழுத்து ஓட்டியதில் இடது முன்சக்கரத்திலிருந்து புகை. பவுனம்மாள் போய் அந்தச் சக்கரத்தைத் தொட்டாள். உள்ளங்கை தகித்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

“பிரேக் ஆயில் சரியில்ல பாஸ்” என்றான் கன்னையா வேகமாக. “இப்ப வர்ற ஆயில் எல்லாம் கலப்படம். வேற ஆயில் ஊத்திப் பாப்போம்.”

சீவரத்தினம் தொப்பியைக் கழற்றி இருக்கையின்மேல் வைத்தார். யாரையும் கோபிக்கவில்லை. “நீங்கள் எல்லாரும் கஷ்டப்பட்டுச் செய்தனீங்கள். போதும். நான் சிங்கப்பூருக்குப் போன் பண்ணுறன். வாற ஞாயிறு வந்து கொண்டு போகட்டும்” என்றார்.

பவுனம்மாள், கழற்றிய கப்புகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூடவே கன்னையா பம்புக்குள் இறக்கிய பித்தளைக் குழாயில் மீந்த ஒரு துண்டையும்.

வீட்டுக்கு வந்து கப்பை அந்தக் குழாய்த் துண்டுக்குள் நுழைத்துப் பார்த்தாள். அழுத்தினால்தான் போனது; போனது நகரவில்லை. அளவான அச்சில் எடுத்தவைதானே, இப்போது ஏன் இறுகுகின்றன? ஜன்னல் விளிம்பில் அந்தப் பதினோராவது கப் கிடந்தது. கூடுதல் என்பதால் அதை அவள் எண்ணெயால் மினுக்கவும் இல்லை, டின்னில் வைக்கவும் இல்லை. அதை எடுத்துக் குழாய்க்குள் விட்டாள். சளக்கென்று போய், விரல் தள்ளத் தள்ள நகர்ந்தது.

ஒரே கலவை, ஒரே அச்சு, ஒரே சட்டி. பிரேக் ஆயில் படுவதற்கு முன், மாட்டும்போதே இறுக்கமாக இருந்ததாகக் கன்னையா சொல்லியிருந்தான்; ஆக வித்தியாசம் ஒன்றே ஒன்று. எண்ணெய்த் துணியில் ஒரு வாரம் கிடந்தவை நனைந்த கடலைபோல் ஊதியிருந்தன. ஊதின கப் பம்புக்குள் அடைத்துக்கொண்டது. அதனால்தான் பிரேக் விடவில்லை. தொழிற்சாலையில் அச்சுக்கு அவள் எதுவும் தடவியதே இல்லை. காலையில் வேறொரு ஆள் ஒரு வாளியோடு வந்து ஏதோ தெளித்துவிட்டுப் போவான். அது என்னவென்று அவள் கேட்டதில்லை. மறுநாள் கேட்டாள். வெறும் சோப்பைக் கரைத்த சவர்க்காரத் தண்ணீர்.

“பேசாம இருங்க அண்ணி” என்றான் கன்னையா, அவள் போனில் சொன்னதைக் கேட்டு. “நான்தான் ஆயில் மேல பழியப் போட்டுட்டேன்ல? அவுங்க நம்பிட்டாங்க. காரும் போகப் போகுது. இப்ப போயி எண்ணெய் தடவிட்டேன்னு சொன்னா ஊரே சிரிக்கும். என் கடைக்கு எவன் வருவான்?”

“ஒங்க கடைப் பேரு சொல்ல மாட்டேன் தம்பி. எம் பேரச் சொல்றேன்.”

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு, கிள்ளானில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்து ஸ்காட் ரோட்டுப் பக்கம் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். தனியாகக் கோலாலம்பூருக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. கேட்டில் கைவைத்துவிட்டுத் தட்டாமல் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கனகேஸ்வரி அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஆர் பிள்ளை? ஏன் வெயிலுக்குள்ள நிக்கிறீர்? உள்ள வாரும்.”

உள்ளே சீவரத்தினம் பத்திரிகையை மடித்துவைத்து எழுந்தார். பவுனம்மாள் உட்காரவில்லை. கையோடு கொண்டுவந்த மைலோ டின்னைத் திறந்து மேசைமேல் இரண்டு கப்பையும் பித்தளைத் துண்டையும் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் கோத்துவைத்த பேச்சு முழுக்க அறுந்துபோயிற்று.

“ஐயா, ஆயில்ல தப்பில்ல. தப்பு என்னோடது. நல்லெண்ணெய் தடவிட்டேன். இட்லித் தட்டுக்குத் தடவுற மாதிரி. ரப்பரு எண்ணெயக் குடிச்சு ஊதிப்போச்சு. இந்தாங்க, இது குடிக்காதது, இது குடிச்சது. நீங்களே போட்டுப் பாருங்க.”

சீவரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை நுழைத்தார், எடுத்தார், மற்றதை நுழைத்தார். வரைபடம் வரைந்த கை; மயிரிழை வித்தியாசமும் அதற்குத் தெரியும். இரண்டையும் மனைவி பக்கம் தள்ளினார். அவரும் நுழைத்துப் பார்த்தார்.

“எனக்கு ரெண்டு வாரம் குடுங்க. எண்ணெய் இல்லாமச் செய்யிறேன். அப்பறமும் சரியில்லன்னா காரக் குடுத்துடுங்க” என்றாள் பவுனம்மாள்.

“சிங்கப்பூர்க்காரன் ஞாயிறு வாறான் பிள்ளை. நான் சொல்லிப் போட்டன்” என்றார் சீவரத்தினம்.

கனகேஸ்வரி அம்மா கப்பைக் கீழே வைக்கவில்லை. “உம்மை ஆர் அனுப்பினது? அந்தக் கன்னையாவோ?”

“இல்லம்மா. அது வேண்டாம்னுதான் சொல்லிச்சு.”

“அப்ப நீர் சொல்லாட்டில் எங்களுக்குத் தெரிஞ்சிராது?”

“தெரியாது.”

அம்மா கணவன் பக்கம் திரும்பினார். “இஞ்ச பாருங்கோ. நான் முப்பது வருசம் வார்டில நிண்டனான். மருந்து மாத்திக் குடுத்தவை, ஊசி பிழைச்சவை, எல்லாரையும் கண்டிருக்கிறன். தன்ர பிழையைத் தானாகக் கொண்டு வந்து மேசையில வைச்ச ஆள் ரெண்டு பேர்தான். அந்த ரெண்டு பேரின்ர கையாலதான் நான் எனக்கு ஊசி போடுவிச்சனான். சிங்கப்பூர்க்காரனுக்குப் போன் பண்ணுங்கோ. பொங்கல் முடியட்டும் எண்டு சொல்லுங்கோ.”

“நீர்தானே காரை வில் எண்டு நிண்டனீர்!”

“நான் பிரேக்கைத்தான் சொன்னனான். உங்களுக்கு எப்பவும் பாதிதான் காதில விழும்.”

அன்றைக்குப் பவுனம்மாள் அந்த வீட்டில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்தாள். நின்றுகொண்டேதான் குடித்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் அடுப்படி ஜன்னலில் ஜாம் போத்தல்கள் வரிசையாக நின்றன. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், பிரேக் ஆயில். ஒவ்வொன்றிலும் ஒரு கப். எதை இனி நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தன் கண்ணால் பார்க்காமல் ஒன்றையும் தொடுவதில்லை என்று முடிவுசெய்திருந்தாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் எடுத்துத் துடைத்துப் பித்தளைக் குழாயில் விட்டுப் பார்ப்பாள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மூன்றாம் நாளே ஊதவைத்தன. பிரேக் ஆயிலில் கிடந்தது அப்படியே இருந்தது. விளக்கெண்ணெயில் கிடந்ததும் அப்படியே இருந்தது.

மாட்டும்போது கப் வறட்சியாக உரசாமல் இருக்கக் கொஞ்சம் விளக்கெண்ணெய் தொடலாம் என்று கன்னையாவிடம் சொல்லியனுப்பினாள்.

“விளக்கெண்ணெயா? காருக்கு என்ன அண்ணி, மலச்சிக்கலா?” என்றான் அவன். ஆனால் சொன்னபடியே செய்தான்.

இந்தத் தரம் அச்சுக்குச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, பன்னிரண்டு கப் எடுத்தாள். பத்து காருக்கு. சின்னதில் ஒன்று, பெரியதில் ஒன்று, பிரேக் ஆயில் ஊற்றிய போத்தலில் தேதி எழுதி அலமாரியில் வைத்தாள். காரில் ஓடுகிறதற்கு என்ன ஆகிறது என்று காரைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள அது ஒன்றே வழி என்று அவளுக்குப் பட்டது. பிற்காலத்தில் ஈப்போவிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் பழைய காருக்காகத் தேடி வந்தவர்கள் அந்த அலமாரியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அவள் செய்து கொடுத்த ஒவ்வொரு தவணைக் கப்புக்கும் அங்கே ஒரு ஜோடி ஊறிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றிரண்டில் ஒரு ஜோடி மெத்தென்று ஆனபோது, அந்தத் தவணையில் வாங்கிய ஆறு பேருக்கும் தன் மகளை விட்டுக் கடிதம் எழுதவைத்து, கேட்காமலே புதுக் கப்புகளை அனுப்பினாள். ஆறு பேரில் ஒருவர்கூட அதுவரை குறை சொல்லியிருக்கவில்லை.

ஜனவரி முதல் ஞாயிறன்று கன்னையா கப்புகளை மாட்டினான். கொட்டகைக்கு முன்னால் காரை ஜாக்கியில் ஏற்றினார்கள். பவுனம்மாளே ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டாள். சீவரத்தினம் மிதித்தார், நின்றது. காலை எடுத்தார், சுற்றியது. நாலு சக்கரத்துக்கும் நாற்பது தரம் அப்படிச் செய்யச் சொன்னாள். முப்பதாவது தரம் அவர், “பிள்ளை, பிரேக் நல்லா இருக்கு, என்ர முழங்கால்தான் போகப் போகுது” என்றார். அவள் சிரிக்கவில்லை. “இன்னும் பத்து ஐயா” என்றாள்.

பிறகு அவர் கன்னையாவோடு பங்சார் மேட்டுக்குப் போய் ஏறி இறங்கி ஏறி இறங்கித் திரும்பி வந்தார். இந்தத் தரம் லோரி இல்லை, கயிறு இல்லை. கன்னையா இறங்கும்போதே கூவினான்: “நிக்கிது அண்ணி! நிக்கச் சொன்னா நிக்கிது, ஓடச் சொன்னா ஓடுது! என் பொண்டாட்டிகூட இப்படிக் கேட்டதில்ல!”

ஆனாலும் கனகேஸ்வரி அம்மா அன்று வரவில்லை. பக்கத்து மேட்டில் ஓடினால் போதாது, தூரம் ஓட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். சிங்கப்பூர்க்காரருக்கு இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பவுனம்மாள் தினமும் விடிந்ததும் அலமாரிப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள்.

பொங்கலன்று காலை, வாசலில் பானை பொங்கி இறக்கிய நேரம், மேருவின் சின்ன ரோட்டில் ஒரு சத்தம் கேட்டது. ராதாகிருஷ்ணன் லோரிக்காரன், சத்தத்திலேயே எஞ்சினைச் சொல்லிவிடுவான். இந்தச் சத்தம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள். பச்சைக் கார், மேல்கூரை திறந்தபடி, கோழிகளை ஒதுக்கிக்கொண்டு மெல்ல வந்தது. ஓட்டுகிறவர் சீவரத்தினம். பக்கத்து இருக்கையில், தலையில் முக்காடாகக் கட்டிய சால்வை, மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம், கனகேஸ்வரி அம்மா.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான், அங்கிருந்து மேரு. பொங்கல் நாள் நெரிசல். எத்தனை சந்திப்பு, எத்தனை சிவப்பு விளக்கு!

கார் வாசலுக்கு நேராக வந்து, கோலத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

“வாங்கய்யா! வாங்கம்மா!” என்று ராதாகிருஷ்ணன் வேட்டியை இறக்கிக்கொண்டு ஓடினான். “ஏ புள்ள, வந்தவங்கள உள்ள கூப்புடு!”

பவுனம்மாள் கூப்பிடவில்லை. கரண்டியைப் பானைமேல் வைத்துவிட்டு வந்து, காரின் முன்னால் குந்தினாள். இடது முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். எழுந்து வலது முன்சக்கரம். சுற்றிப் போய்ப் பின்சக்கரங்கள் இரண்டும்.

“என்ன பிள்ளை, எங்களுக்கு வாங்கோ எண்டு சொல்ல மாட்டீரோ? சில்லுக்குத்தான் வரவேற்போ?” என்றார் கனகேஸ்வரி அம்மா இருக்கையிலிருந்தபடியே.

“நாலும் ஒரே சூடும்மா” என்றாள் பவுனம்மாள். “வெந்நி மாதிரிதான் இருக்கு. ஒண்ணுகூட இழுக்கல.”

“அது எனக்கு ஷா ஆலம் தாண்டும்போதே தெரியும். ஒரு பஸ்காரன் குறுக்க விட்டான். இவர் மிதிச்சார். நான் கண்ணை மூடேல்லை.” அம்மா வாழைப்பழச் சீப்பை நீட்டினார். “இதைப் பிடியும். சிங்கப்பூருக்கு நேற்று ராவே போன் பண்ணிப் போட்டன். கார் விக்கிறதுக்கு இல்லை எண்டு நான்தான் சொன்னனான். இவருக்கு விட்டால் அழுதிருப்பார்.”

சீவரத்தினம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பவுனம்மாள் சீப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் வந்தவர்களை வரவேற்க வேண்டும் என்ற நினைவு வந்து அவள் முகம் சிவந்தது. அம்மா இறங்குவதற்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“வாங்கம்மா. வாங்கய்யா. பொங்கல் சூடா இருக்கு” என்றாள்.